உடைந்த ஷாஃப்டுக்கும் ஒரு பல்கலைக்கழகம்

லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. மைக்ரான் என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு மைக்ரான். அந்த அளவைக் கட்டைவிரலால் தடவியே சொல்லிவிடுவேன் என்று அவர் ஒருமுறை சவால் விட்டதற்குக் கேலியாக வைத்த பெயர் அது. அவரோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு பட்டறைப் பலகையிலேயே எழுதிவிட்டார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அடுத்தவர் பட்டறையில் இரும்புச் சுருள் பெருக்கத் தொடங்கியவருக்கு இன்று நான்கு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஆறு ஆட்கள். ஒருத்தர் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்த மனிதனுக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும். இருக்கட்டுமே.

அப்பேர்ப்பட்டவருடைய ஒரே மகளுக்கு ஒரே வாரத்தில் வெளிநாட்டிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது, பெயரைச் சொன்னாலே எல்லாரும் புருவத்தைத் தூக்கும் பல்கலைக்கழகம். கண்ணாடிக் கட்டடங்களும் பாதாள ரயிலுமாக இருக்கும் பெரிய நகரம். படிப்பு கம்ப்யூட்டர். இரண்டாவது, வருஷத்தில் ஐந்து மாதம் பனி கொட்டும் ஒரு சின்ன ஊர். படிப்பு உலோகவியல். இரண்டிலும் உதவித்தொகை உண்டு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். விட்டது விட்டதுதான், திரும்பி வராது.

மைக்ரானுக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. மெஷின் வாங்கப் போகிறவன் எதைப் பார்ப்பானோ அதைத்தான் அவர் பார்த்தார். கம்பெனிக்கு வயசு என்ன, எடை எத்தனை டன். முதலாவதற்கு இருநூறு வயசு, நாற்பதாயிரம் பிள்ளைகள். இரண்டாவதற்கு அறுபது வயசு, ஆறாயிரம் பேர். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அன்று மாலையே பட்டறை உரிமையாளர் சங்கத்துக்குப் போய் முதலாவதின் பெயரைத் தப்பும் தவறுமாக, ஆனால் சத்தமாகச் சொல்லி, இருந்தவர்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். மகளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மகள் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தாள். இரண்டாவதுதான் வேண்டுமாம். உலோகம் ஏன் உடைகிறது என்று படிக்க வேண்டுமாம்.

“உடைஞ்சதை நான் தினமும்தாம்மா பாக்கறேன். பாத்துட்டு டிரம்ல போடறேன். அதுக்குப் போய் யாராவது ப்ளேன் ஏறுவாங்களா?”

வெல்டிங் வேலை செய்யும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அன்றைக்கு வந்திருந்தான். அவனுக்கு இது போதாதா? “நல்லதுதானே மச்சான்? அவ ஏன் உடைஞ்சதுன்னு கண்டுபிடிக்கட்டும், நான் ஒட்டித் தர்றேன். உங்க பட்டறைக்கு ரெண்டு பேருமே வேணும்” என்றான்.

“என் பட்டறையிலேருந்து போன சாமான் எதுடா உடைஞ்சிருக்கு?”

மச்சான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். மனைவிதான், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “ஐஸ் கம்பெனி பம்பு” என்றாள்.

அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. ஐஸ் கம்பெனியின் பெரிய பம்புக்கு மைக்ரானே தன் கையால் கடைந்து கொடுத்த ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, பதினோரு மாதத்தில் இரண்டாக உடைந்து விழுந்தது. அவர் அதை ஒரு பார்வை பார்த்தார். கடைவதற்குக் கடையில் வாங்கிய இரும்பு ராடு மட்டம் என்றார். இரும்புக் கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் கேட்கவில்லை. பதினைந்து வருஷப் பழக்கத்தை அன்றோடு அறுத்துக்கொண்டு, அந்த ஆள் மட்டமான சரக்கு விற்கிறான் என்று தெருத்தெருவாகச் சொல்லியும் வந்தார். உடைந்த துண்டுகள் கழிவு டிரம்முக்குள் போயின. கதை முடிந்தது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

திங்கள், செவ்வாய், புதன் போயிற்று. மகள் அழவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. அப்பா சம்மதம் இல்லாமல் உலோகவியலுக்குப் போக மாட்டேன், ஆனால் கம்ப்யூட்டர் படிப்புக்குச் சரி என்று என் கையால் பட்டனை அழுத்தவும் மாட்டேன் என்று தாயிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அதாவது வெள்ளிக்கிழமை தாண்டினால் இரண்டும் கைவிட்டுப் போகும். அழுத்தக்காரி. வேறு யார் மகள்?

வியாழக்கிழமை மாலை அந்தச் சின்ன ஊர்ப் பேராசிரியர் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவதாக ஏற்பாடு. மகள் பட்டறைக்கே வந்து கூப்பிட்டாள். “அரை மணி நேரம் உக்காருங்கப்பா. பிடிக்கலைன்னா எழுந்து போயிடுங்க, நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

சட்டையை மாற்றிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் வந்தது ஓர் அம்மாள். நரைத்த தலை, முழங்கை வரை மடித்த சட்டை. மைக்ரான் முதலில் பார்த்தது அந்த அம்மாளின் நகங்களைத்தான். எந்த சோப்புக்கும் போகாத கருப்பு அங்கே இருந்தது. அந்தக் கருப்பு அவருக்குத் தெரியும். படித்தவர் கையில் அது எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை. அந்த அம்மாளுக்குப் பின்னால் சுவர் முழுக்க அலமாரி. உடைந்த பல்சக்கரம், முறிந்த ஸ்பிரிங், ரயில் தண்டவாளத்தில் ஒரு சாண், விமானத்தின் போல்ட். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. நம் ஊரில் எடைக்குப் போடுகிற சரக்கு, அங்கே கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தது.

பேராசிரியர் அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் திரைக்கு அருகில் பிடித்தார். மைக்ரானின் கைகள் தாமாகவே பிரிந்தன. சக்கரத்தைப் பூட்டும் சாவிக்கட்டைக்காக வெட்டிய பள்ளத்தின் அகலத்தை வைத்தே தெரிந்துவிட்டது. ஐஸ் கம்பெனி ஷாஃப்ட். டிரம்மிலிருந்து மகள் பொறுக்கி, அவருடைய மெஷினிலேயே இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்து, விண்ணப்பத்தோடு அனுப்பியிருக்கிறாள்.

அடுத்து திரை சாம்பல் நிறத்துக்கு மாறியது. ஏதோ மலைத்தொடரை ஆகாயத்திலிருந்து படம் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தார். மேடுகள், பள்ளத்தாக்குகள், சரிவுகள். சரிவெங்கும் அலை விட்டுப்போன மணல் மாதிரி அடுக்கடுக்காகக் கோடுகள், ஆயிரம் பதினாயிரம் கோடுகள், ஒன்றை ஒன்று தொடாமல்.

மகள் மெதுவாகத் தமிழில் சொன்னாள். “இது மலை இல்லப்பா, மைக்ராஸ்கோப்புல பாத்த உங்க ஷாஃப்ட்டோட உள்பக்கம். அது ஒரு சுத்து சுத்தும்போது விரிசல் எவ்வளவு நகர்ந்துச்சோ, அதுதான் ஒரு கோடு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல ஒரு மைக்ரான்கூட இல்லையாம்.”

முப்பத்தெட்டு வருஷம் இரும்போடு குடித்தனம் நடத்தியவர். அதைக் கடைந்தார், துளைத்தார், தேய்த்தார், விற்றார். அதற்குள் இப்படி ஒரு தேசம் இருக்கிறது என்று ஒரு நாள் நினைத்ததில்லை. எந்த அளவைத் தன் பெயராகவே சுமந்து திரிந்தாரோ, அதைக் கண்ணால் காண்பது இதுதான் முதல் தடவை. மனைவி கொண்டுவந்து வைத்த காப்பி பக்கத்திலேயே ஆறியது.

விரிசல் விழுந்த பிறகும் பல லட்சம் சுற்று தாங்கியிருக்கிறது, ஸ்டீல் முதல் தரம் என்று பேராசிரியர் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள். படம் கோடுகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் போயிற்று. கோடுகள் சின்னதாகி, நெருங்கி, கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் போய் நின்றன. “இங்கதான் ஆரம்பிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு மகள் நிறுத்திக்கொண்டாள்.

அவருக்கு அதற்கு மேல் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஷாஃப்ட் பெரிய அளவிலிருந்து சின்ன அளவுக்கு இறங்கும் மூலையில் ஒரு கீறல். அந்த மூலையை வளைவாகக் கடைய வேண்டும், அதற்கு டூலின், அதாவது கடையும் உளியின், மூக்கை மழுக்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஐஸ் கம்பெனி ஆள் வண்டியை வாசலில் நிறுத்திக்கொண்டு அவசரப்படுத்தினான். மைக்ரான் மூக்கை மழுக்காமல் கூராகவே விட்டு இழுத்தார். தடவிப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று துடைத்துக் கொடுத்துவிட்டார்.

“அந்தக் கீறல் எவ்வளவு ஆழம்னு கேளு.”

கேட்டாள். நாற்பது மைக்ரான். அவர் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இதைக் கடைந்தது யார் என்று பேராசிரியர் கேட்டார். விண்ணப்பத்தில் மகள் ‘எங்கள் தெருவில் ஒரு பட்டறை’ என்று மட்டும் எழுதியிருந்தாளாம். இப்போது அவள் தரையைப் பார்த்தாள்.

“நான்தான்னு சொல்லு” என்றார் மைக்ரான்.

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார். மற்ற இடமெல்லாம் இவ்வளவு சுத்தமான வேலையாக இருந்ததால்தான் அந்த ஒரு கீறல் பளிச்சென்று அகப்பட்டது என்றார். என்ன வேகம் வைத்தீர்கள், டூலை எந்தக் கோணத்தில் சாணை பிடிப்பீர்கள் என்று கேட்கத் தொடங்கினார். மகள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஈடுகொடுக்க முடியாமல் திணறினாள். அரை மணி நேரம் என்றது ஒன்றரை மணி நேரம் ஓடியது.

திரை அணைந்ததும் அவர் போனை எடுத்து இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டார். அன்றைக்குக் கொடுத்தது நல்ல ராடுதான், தப்பு என் கையில் என்றார். உடம்பு கிடம்பு சரியில்லையா என்று கவலையாகக் கேட்டார் கடைக்காரர்.

போனை வைத்துவிட்டு மகளிடம் திரும்பினார். “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“அறுத்த அன்னிக்கே பூதக்கண்ணாடியில பாத்தேன்பா.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா கேக்கற ஆளா நீங்க?”

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆறிய காப்பியை எடுத்துப் போனாள். மைக்ரான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, “அது கிடக்கட்டும். ஒரு பட்டறைன்னு எழுதினியாமே, அது என்ன ஒரு பட்டறை? அந்த அலமாரிச் சீட்டுல என் பேரு இருக்கணும். நீ போன முதல் நாளே அதை மாத்து” என்றார்.

மகள் அவர் முகத்தையே பார்த்தாள். பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரை மறுபடி திறந்தாள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை.

மறுநாள் சங்கத்தில் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். செய்தி மச்சான் வழியாக முன்னாலேயே வந்திருந்தது. அந்தப் பெரிய பல்கலைக்கழகம் என்ன ஆயிற்று என்று ஒருவர் நமட்டுச் சிரிப்போடு கேட்டார்.

“அவங்களுக்குக் கொடுத்து வைக்கலை” என்றார் மைக்ரான். “உன் சாமானும்தான் வாராவாரம் உடையுது. எந்த ஊர்லயாவது அதை அலமாரியில வெச்சுப் பாடம் நடத்தறாங்களா, சொல்லு.”