சஷ்டி நாளில் வந்த பன்றி

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் நாங்கள் வேலை செய்யும் களஞ்சியத்தில், சாமான் தூக்கும் ட்ரக்கைப் பின்னால் எடுத்தபோது சிவம் அண்ணையின் கால் சாமான் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் அகப்பட்டது. கணுக்கால் எலும்பு முறிந்தது. ட்ரக்கை ஓட்டியவன் பெத்தேலோ.

பெத்தேலோ பசிபிக் கடலில் உள்ள உவேயா என்ற சின்னத் தீவுக்காரன். அது பிரான்சின் ஆட்சியில் உள்ள தீவு. ஆனாலும் அங்கே இன்றும் ஓர் அரசரும் அவருக்குக் கீழே கிராமத் தலைவர்களும் இருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். டென்மார்க்குக்கு வருமுன் பாரிசில் கோப்பை கழுவியதால் பிரெஞ்சு கதைப்பேன். அதனால் சாப்பாட்டு நேரத்தில் அவன் என்னோடு வந்து இருப்பான். இருவரும் அதிகம் கதைக்காத ஆட்கள்.

மேலாளர் விசாரித்துவிட்டு, இது விபத்து, காப்புறுதி பார்த்துக்கொள்ளும் என்று முடித்தார். பெத்தேலோவுக்கு விஷயம் அதோடு முடியவில்லை.

"கொம்பனி என்னை மன்னிச்சிட்டுது. கால் முறிஞ்ச மனுசன் மன்னிச்சவரோ?" என்று என்னிடம் கேட்டான்.

அவனுடைய ஊரில், ஒருவருக்குத் தீங்கு செய்தவன் பாயும் முழுதாய்ச் சுட்ட பன்றியும் கொண்டு அவர் வீட்டுக்குப் போய், வாசலில் நிலத்தில் தலைகுனிந்து இருப்பானாம். வீட்டார் இரண்டையும் வாங்கினால்தான் மன்னிப்பு. அரச குடும்பத்துப் பிள்ளைக்கும் இதே முறைதான் என்றான்.

"அவையள் சைவம். பண்டி சாப்பிடமாட்டினம். மாம்பழம் கொண்டு போவம்," என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு ஆளின்ர காலை முறிச்சுப்போட்டு மாம்பழமோ? சாப்பிடத் தேவையில்லை. வாங்கினாக் காணும்."

சனிக்கிழமை சிவம் அண்ணை வீட்டுக்குப் போனோம். கந்தசஷ்டி விரதம் நடந்துகொண்டிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. பெத்தேலோ, தன் தாய் பின்னி அனுப்பிய பாயை வாசலில் விரித்து, பன்றித் தட்டை அதன்மேல் வைத்துவிட்டு ஈரப் புல்லில் இருந்தான். கதவைத் திறந்த சரோஜா அக்கா, சிவம் அண்ணையின் மனைவி, அப்படியே பின்னால் போனார்.

"ஐயோ முருகா! விரத வீட்டு வாசல்ல பண்டியோ? தம்பி, உமக்கும் விசரே?"

சிவம் அண்ணை ஊன்றுகோல்களோடு வந்தார். "டேய், குளிருக்கை ஏனடா இருக்கிறாய்? எழும்பு! தம்பி, நான் ஒண்டும் மனசிலை வைக்கேல்லை எண்டு சொல்லும் அவனுக்கு."

சொன்னேன். பெத்தேலோ தலை நிமிரவில்லை. "வாங்கிறாரோ?" என்று மட்டும் கேட்டான்.

"பாயை வேணுமெண்டா வாங்கிறன்," என்றார் அண்ணை.

"இரண்டும் ஒண்டுதான். பிரிக்கேலாது," என்றான் அவன்.

சிவம் அண்ணை அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டி மறுத்தார். அண்ணை ஊன்றுகோல்களை வாசலில் சாய்த்துவிட்டு நொண்டி நொண்டி இறங்கி வந்து, தட்டில் முட்டாமல் குனிந்து அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார். "நீ என்ர தம்பி மாதிரி," என்று தனக்குத் தெரிந்த கொஞ்ச டேனிஷ் மொழியில் சொன்னார். மூத்தவர் தூக்கியதற்காக அவன் எழும்பினான். பாயைச் சுருட்டி, தட்டையும் எடுத்துக் காரில் வைத்தான்.

அதன்பிறகு அவன் ட்ரக் ஓட்டவில்லை. கேட்டு வாங்கித் துப்புரவு வேலைக்குப் போனான். சிவம் அண்ணை குணமாகி வேலைக்குத் திரும்பி, அவனைக் கண்டால் கோப்பிக்குக் கூப்பிடுவார். அவன் சுவரோடு ஒதுங்கித் தலையைக் குனிந்து நிற்பான். கொஞ்சக் காலத்தில் பிரான்சில் இருக்கும் சகோதரியிடம் போய்விட்டான். அதற்குப் பிறகு தொடர்பில்லை.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். பல நாட்டு ஆட்களோடு வேலை செய்யும்போது, மனதுக்குள் மன்னித்தால் போதாது. மன்னித்தது அந்த ஆளுக்கும் தெரிய வேண்டும், அதுவும் அவனுக்கு விளங்குகிற விதத்தில்.

சிவம் அண்ணை இப்போதும் வேலை இடைவேளையில் அந்தக் கதையை எடுப்பார்.

"தட்டை ஒருக்காக் கையால வாங்கியிருக்கலாம் தம்பி. வாங்கிப்போட்டு முழுகியிருந்தா எல்லாம் சரியாயிருக்கும். முருகன் என்ன, கோவிச்சிருப்பாரே?"