கால் மைலுக்கு அப்பால்

இஷ்பெல் ரென்னி காலை ஆறரைக்கு வண்டியை எடுத்தால் ஏழு மணிக்கு மர்டோவின் படுக்கையருகே நிற்பாள். பதினோரு வருடமாக இதுதான் வழக்கம். மர்டோவுக்கு எண்பத்து நான்கு வயது. எங்கள் பள்ளத்தாக்கின் மேல்கோடியில், எங்கள் வீடுகளிலிருந்து ஆறு மைல் தள்ளி, தனியாக இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து யாராவது தூக்கி உட்கார வைத்தால்தான் உண்டு. அடுப்பு அணைந்திருந்தாலும், படுக்கை நனைந்திருந்தாலும், அவள் வரும்வரை அப்படியே கிடக்க வேண்டியதுதான். அவள் செய்யும் இந்த வேலையை 'வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்' என்று அவளுடைய சம்பளச் சீட்டில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

நான் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரன், டூகல். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். அதனாலேயே, யாரும் கேட்காவிட்டாலும் வண்டி விஷயத்தில் மூக்கை நுழைக்கும் உரிமை எனக்கு உண்டு என்று நினைத்திருந்தவன்.

அக்டோபர் பிறந்தால் இஷ்பெல்லுக்கு அவளுடைய வண்டி ஒரு நோயாளி மாதிரி. பனிக்கால டயர் மாட்டுவாள். ரேடியேட்டர் தண்ணீர் எந்தக் குளிரில் உறையும் என்று சோதிப்பாள். கதவு ரப்பரில் பனி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வாஸ்லைன் தடவுவாள். இந்த வருடம் பேட்டரியும் புதிது. டிக்கியில் மண்வாரி, ஒரு மூட்டை மணல், டார்ச், பிஸ்கட், மாற்று சாக்ஸ். இதெல்லாம் போதாதென்று, கல் கொட்டகைக்குள் நிற்கும் வண்டிக்கு இரவில் பானெட்டைத் திறந்து என்ஜின் மேல் பழைய கம்பளி ஒன்றைப் போர்த்துவாள். நான் கேலி செய்வேன். "பால் குடுத்துத் தட்டித் தூங்க வைக்கலையா?" என்பேன்.

அந்த அக்டோபரில்தான் பிரேக்டவுன் திட்டத்தைப் புதுப்பிக்கக் காகிதங்களை மேசையில் பரப்பி வைத்திருந்தாள். வண்டி சாலையில் பழுதாகி நின்றால் வந்து சரிசெய்வார்கள். முடியாவிட்டால் கட்டி இழுத்துப் போவார்கள். இன்னும் கொஞ்சம் கூடக் கொடுத்தால் வீட்டு வாசலுக்கும் வருவார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாசல்ல நிக்கிற வண்டிக்கு எதுக்கும்மா ஆளு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீ இருப்ப. உன் வண்டி ஓடுமா?"

"முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன்கிட்டப் பேசுற, ஞாபகம் வெச்சுக்கோ."

"அந்த பஸ்ஸுக்கு டயர் மாத்தினது வேற ஆளு, அதையும் ஞாபகம் வெச்சுக்கோ."

இப்படிச் சொல்லிவிட்டும் வீட்டு வாசலுக்கு வரும் அந்த மூன்றாவது வரியைப் பேனாவால் அடித்தாள். என்னை நம்பித்தான் அடித்தாள்.

ஜனவரியில் ஒரு நாள் குளிர் மைனஸ் பதினான்குக்கு இறங்கியது. ஆறே முக்காலுக்கு என் கதவைத் தட்டினாள். கையெல்லாம் கிரீஸ்.

"கிளம்ப மாட்டேங்குது, டூகல். வந்து பாரேன்."

டார்ச் அடித்துப் பார்த்தேன். அவள் போர்த்திய கம்பளியைக் குதறி மெத்தை போட்டு, எலி ஒன்று சுகமாகக் குடும்பம் நடத்தியிருந்தது. பொழுதுபோகாமலோ என்னவோ, பக்கத்திலிருந்த வயர்களையும் கடித்து வைத்திருந்தது. புது பேட்டரியும் பனி டயரும் சும்மா நின்றுகொண்டிருந்தன.

"கவலைய விடு, நான் கொண்டுபோய் விடறேன்" என்று என் வண்டியை எடுத்தேன். உடனே கிளம்பியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் திருப்பத்தில் வழுவழு டயர் நான்கும் ஒரே சமயத்தில் என்னைக் கைவிட்டன. வண்டி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போய்க் கல் சுவரில் சாய்ந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது இஷ்பெல் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். நாலு வசவு விட்டிருந்தால் தேவலை போலிருந்தது.

அலுவலகத்தைக் கூப்பிட்டாள். மற்ற பணியாளர்களும் பனியில் மாட்டியிருக்கிறார்கள், மதியத்துக்கு முன் யாரும் இல்லை என்றார்கள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. மர்டோ வீட்டுக்குப் போன் போட்டேன்.

"போன் அவருக்கு சமையலறையில இருக்கு. எழுந்திரிக்கவே முடியாதவரு எப்படி எடுப்பாரு?"

"நாம மறக்கலைன்னு தெரியட்டுமே" என்று நெடுநேரம் அடிக்க விட்டேன். கொஞ்சம் கழித்து இன்னொரு முறை.

பிரேக்டவுன் ஆட்களைக் கூப்பிட்டபோது மறுமுனைப் பெண், வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டாள். வீட்டில் என்றாள் இஷ்பெல். உங்கள் திட்டத்தில் வீடு சேராது, வீட்டிலிருந்து கால் மைலாவது தள்ளி நின்றால்தான் வருவோம் என்று பதில் வந்தது.

"கீழ சர்ச் கால் மைல் இருக்கும்ல, அங்க நிக்குதுன்னு சொல்லேன்" என்று காதருகே கிசுகிசுத்தேன்.

போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "மாத்திரை குடுத்தேன்னு தெனமும் கையெழுத்துப் போடறவ நான். இன்னிக்கு இதுல ஒரு பொய் சொன்னா, நாளைக்கு அந்தக் கையெழுத்துக்கு என்ன மரியாதை?"

"அங்க ஒரு மனுஷன் கட்டையா கிடக்கறாரும்மா!"

"தெரியும். வா, தள்ளு."

தள்ளினோம். திறந்த கதவு வழியே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவள், பின்னால் நான். சர்ச் வரை கீழ்நோக்கிய பாதைதான் என்றாலும் இரண்டு இடத்தில் மேடு. நான் மூன்று முறை விழுந்தேன். பாதி வழியில், "உன்னை அந்த வரிய அடிக்கச் சொன்னது நான்தான்" என்றேன். "மூச்சைத் தள்றதுக்கு வெச்சுக்கோ" என்றாள். சர்ச்சைத் தாண்டிப் போய் நிறுத்தி, மறுபடி போன் செய்தாள்.

மெக்கானிக் வர ஒன்பதரை ஆயிற்று. வயர்களை ஒட்டி டேப் சுற்றிக்கொண்டே கதையைக் கேட்டவர் தலையில் அடித்துக்கொண்டார். "வீட்டுலயே வெச்சுக்கிட்டு சர்ச்சுப் பக்கம்னு சொல்லியிருந்தா நாங்க என்னம்மா, டேப் புடிச்சா அளக்கப்போறோம்?"

நான் இஷ்பெல்லைப் பார்த்தேன். அவள் மேலே போகும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிவாதத்தில் தவறு செய்துவிட்டோமோ என்ற பயம் முதல் முறையாக அவள் முகத்தில் தெரிந்தது. அந்த ஆறு மைலையும் அவள் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி ஓட்டினாள். வேகமாகப் போ என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். படுக்கை காலியாக இருந்தது.

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே தரையில் ஒருக்களித்துக் கிடந்தார் மர்டோ. பைஜாமாவுக்கு மேல் கோட்டின் ஒரு கை மாட்டியிருந்தது. இடது காலில் பூட்ஸ். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் கண் விழித்திருந்தார்.

இஷ்பெல் மண்டியிட்டு அவர் தலையை மடியில் எடுத்து வைத்தாள். நான் கட்டிலிலிருந்து கம்பளியை உருவிக்கொண்டு ஓடி வந்தேன்.

"எங்கய்யா கிளம்பினீங்க, இந்தக் குளிர்ல?"

"போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு பொண்ணே." பல் கிடுகிடுத்து வார்த்தை உடைந்து வந்தது. "மணி ஏழு தாண்டியாச்சு, உன் வண்டிச் சத்தத்தைக் காணோம். நீ எங்கயோ பள்ளத்துல கிடக்கற, அதைச் சொல்லத்தான் யாரோ கூப்பிடறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் மறுபடி அடிச்சுது."

அடித்தவன் நான். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கம்பளியைக் காலடியில் செருகிக்கொண்டே இருந்தேன்.

"அதுக்காக நீங்க எழுந்திரிக்கிறதா?" என்றாள் இஷ்பெல். பதினோரு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"பின்னே? வேற யாரு இருக்கா இங்க உன்னைத் தேடி வர?" என்றார் அவர். "அந்த வலது கால் பூட்ஸுதான் கைக்கு எட்டல. இல்லேன்னா இந்நேரம் வந்திருப்பேன்."