வாகனுக்கு வெள்ளைத் திரை

பின்பக்கம் நீண்ட எங்கள் ‘வாகன்’ (wagon) காரின் பின்கண்ணாடிகளுக்குத் திரை கட்டுவதென்று இன்று காலை குடும்பத்தின் முழுச் சம்மதத்துடன் முடிவாயிற்று.

மாமனார் மாமரத்திலிருந்து விழுந்துவிட்டார். பிளாஸ்டர் போட்ட காலை மடக்க முடியாது. நீட்டிப் படுத்து வர எங்கள் காரின் பின்பக்கம்தான் வசதி. ஆனால் அந்தக் கோலத்தில் தன்னை ஊர் பார்க்கக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை.

மனைவி அவருடைய வெள்ளை வேட்டிகளையே திரையாகக் கட்டினாள்.

மானிப்பாய் ஆஸ்பத்திரியில் அவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். சுன்னாகத்தில் சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்கும் ஆட்டோ தன் பாட்டை நிறுத்தியது. எவருக்கும் வழிவிடாத மினிபஸ் ஒன்று எங்களுக்குப் பின்னால் மிகப் பணிவாக ஊர்ந்து வந்தது.

"தம்பி, இண்டைக்கு றோட்டு நல்ல அமைதியாக் கிடக்கு," என்றார் மாமா பின்னாலிருந்து.

"ஓம் மாமா."

எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் பக்கத்து வீட்டு நடராசா அண்ணை சைக்கிளிலிருந்து இறங்கி, என் ஜன்னலருகே வந்தார். கண் கலங்கியிருந்தது.

"தங்கமான மனுசன், தம்பி. எப்ப எடுக்கிறியள்?"

திரைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஒண்டரை மாசம் செல்லுமெண்டு டொக்டர் சொன்னவர். அதுவரைக்கும் இப்பிடியே கிடக்கட்டாம்."

அண்ணையின் சைக்கிள் இன்னும் ஒழுங்கை முகப்பில் கிடக்கிறது.