மணல் ஈயோடு சண்டை போட்ட டாக்டரம்மா

"நாய் டாக்டரம்மா போயிட்டாங்கப்பா, மாரடைப்பாம்!" என்று மகள் கனகா வாசலிலிருந்தே கத்தியபோது, நான் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் படுத்திருந்த எங்கள் கருப்பன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க ஆளில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் டாக்டர் மலர்விழியிடம் ஆடு மாடு நாயோடு வரிசையில் நின்ற உங்களுக்குத் தெரியும். மிருகத்தை அவர் திட்டியதே இல்லை. திட்டெல்லாம் நமக்குத்தான்.

கருப்பன், லாரி ஓட்டும் என் மச்சான் கேரள மலைப்பக்கத்திலிருந்து கொண்டுவந்த நாய். கண்ணைச் சுற்றி முடி கொட்டியது, நகம் கொக்கி மாதிரி வளர்ந்தது, உடம்பு எலும்பானது. தெருவே சொறி என்றது. நானும் வேப்பெண்ணெய் தடவி அரை வைத்தியன் ஆகியிருந்தேன். டாக்டரம்மா நகத்தைப் பார்த்ததும் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். லீஷ்மேனியா என்று பதில் வந்தது. மணல் ஈ கடித்து வருகிற நோய். நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். என் வாயில் அந்தப் பெயர் இன்னும் சரியாக நுழையவில்லை.

பக்கத்து வீட்டில் தறி போட்டிருக்கும் சரோஜாம்மா வாயில் அது உடனே நுழைந்துவிட்டது. "நாய ஊருக்கு வெளிய மாகறல் பக்கம் கொண்டுபோய் விட்டுடுப்பா. கொழந்தைங்க இருக்குது இல்ல?"

கருப்பனைப் பார்க்க வந்திருந்த டாக்டரம்மாவுக்கு வந்ததே கோபம். "தொட்டா ஒட்டாதும்மா, பூச்சி கடிச்சாத்தான். மாகறல்ல பூச்சி இல்லையா, இல்ல, மனுசங்க இல்லையா?"

தெரு நாய்களையெல்லாம் பரிசோதிக்கச் சொல்லி அவர் போன் போடாத ஆபீஸ் இல்லை. "அந்த நோய் நம்ம ஊர்ல கெடையாதும்மா" என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தேடாதவனுக்கு எந்த நோயும் கெடையாதுப்பா." கடைசிவரை ஒருவரும் வரவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மருந்து என்று எழுதிக் கொடுத்தது, மனிதர்கள் யூரிக் ஆசிட்டுக்குச் சாப்பிடும் மாத்திரை. "கால் வீக்கமா அண்ணா?" என்று கடைக்காரர் கேட்டார். நாய்க்கு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கொசுவலையில் மணல் ஈ புகுந்துவிடும், அதைவிட நெருக்கமான துணி கட்டு என்றார் டாக்டரம்மா. நெருக்கமான துணி நெய்வதுதானே நம் தொழில்! நெசவில் பழுதாகி விற்காமல் நின்றுபோன பட்டுப்புடவையை, ஜரிகையோடு, கருப்பனைச் சுற்றி நாலு பக்கமும் கட்டினேன். ஸ்கூட்டரில் வந்த டாக்டரம்மா பார்த்துவிட்டு, "ஏம்பா ஏகாம்பரம், நாய்க்குக் கல்யாணமா? ஈ சாவறதுக்கு முன்னாடி இவன் மூச்சு முட்டிச் செத்துடுவான்!" என்றார். அப்படியே தறிக்குழிக்குள் டார்ச் அடித்தார். சுவரெல்லாம் ஈர வெடிப்பு. "ஈ குடியிருக்க இத விட நல்ல வீடு ஏது? இதுல நீயும் காலத் தொங்கவிட்டுக்கினு உக்காந்துக்கினு இருக்கிற! நாய வெரட்டறத விட்டுட்டு வெடிப்ப அடைங்கப்பா."

அன்றே சிமெண்ட் பூசி அடைத்தேன். மாத்திரையும் வேலை செய்தது, கருப்பனுக்கு முடி முளைத்தது.

அவரை எடுத்த அன்று மாலை சரோஜாம்மா வந்தாள். "டாக்டரம்மாவும் போயிட்டாங்க. இனிமே யாரு பாப்பாங்க? இப்பவாவது கொண்டுபோய் விட்டுடுப்பா."

அவர் படிப்பு எனக்கு வராது. அவர் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். சிமெண்ட் வாளியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுப் படியேறினேன்.

"உங்க தறிக்குழிய காட்டும்மா. வெடிப்பு இருக்குதான்னு பாக்கணும்."