மரத்துக்கு ஒரு சொல்

நல்லம்மாளுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. லயத்து வரிசை வீடுகளில் மற்றப் பெண்கள் குழாயடியில் வாளியைப் போட்டு உடைப்பார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள். இவள் வாயை இறுக்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி மட்டும் அன்றைக்கு ஒரு நூல் கூடுதலாக இறங்கும். மரம் காயப்படும், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஏசுவார். அதோடு தீர்ந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம் வந்த கோபம் அப்படித் தீரவில்லை.

மலாயாவில் கோல சிலாங்கூர் போகும் பாதையில் இருந்த ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில்தான் அவள் பிறந்தாள். அங்கேயே தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தாள், அங்கேயே இருசப்பனைக் கட்டிக்கொண்டாள். அவசரகாலச் சட்டம் வந்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. மாலை ஆறு மணிக்குக் கேட்டை அடைத்தால் காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடும்போதுதான் திறப்பார்கள். அந்த ஆடியில் புது உத்தரவு ஒன்றும் வந்தது. வேலிக்கு வெளியே ஒரு பருக்கைச் சோறு போகக் கூடாது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் தீனி போட்டுவிடக் கூடாதாம். அதனால் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போய், மத்தியானம் திரும்பி வந்துதான் கஞ்சி குடிக்க வேண்டும்.

இருசப்பன் கடவுளுக்குப் பயந்தவன். மனிதர்களுக்கு அதைவிடப் பயந்தவன். சின்ன மகள் விஷக்காய்ச்சலில் இருபது நாள் கிடந்தபோது, ஏழாம் நம்பர் ரப்பர் காட்டு முனியாண்டிக்குச் சேவல் அறுத்துப் படைப்பதாக வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்தது. முனியாண்டி இருந்தது வேலிக்கு வெளியே, ஒரு பெரிய மரத்தடியில், ஒரு கல்லும் ஒரு சூலமுமாக. எல்லையைக் காக்கிற சாமியை வேலிக்குள் கொண்டுவந்து அடைக்க முடியுமா?

ஆடி மூன்றாம் வெள்ளி பிற்பகலில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, சோற்றுப் பானையைத் தலையில் வைத்து, சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நட்டநடுப் பாதையில் நடந்துபோனான். கேட்டில் நின்ற மலாய்க் காவல்காரர் சிரித்துக்கொண்டே திறந்துவிட்டார். பெண்களைச் சோதனை போட கம்பெனி வைத்திருந்த கங்கா பானையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமி சோறு சோற்றில் சேராது என்றுதான் இருசப்பன் நினைத்தான். அவன் மட்டுமா, லயமே அப்படித்தான் நினைத்தது.

மறுநாள் ரோந்து போனவர்கள் மரத்தடியில் வாழையிலையைக் கண்டார்கள். சோற்றில் பாதியைக் காணோம். காக்கை தின்றதோ, பன்றி தின்றதோ, அந்த முனியாண்டிக்குத்தான் தெரியும். மத்தியானம் இருசப்பனை ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள். தோட்டத்துப் பெரிய துரையின் நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி உட்கார்ந்திருந்தார். தமிழை இங்கிலீஷில் சொல்ல, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சுப்பிரமணியம் நின்றார். நல்லம்மாள் வாசல்படியில் நின்றாள்.

இருசப்பன் எல்லாவற்றையும் சொன்னான். பிள்ளையின் காய்ச்சல், நேர்த்திக்கடன், சேவல், பானையைத் தலையில் வைத்துப் போனது, காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டது. ஒரு வாய் வெற்றிலை மென்று துப்புகிற நேரம் பேசினான். அவன் முடித்ததும் கிராணி அதிகாரியைப் பார்த்து, "ஹீ லெஃப்ட் ஃபுட் தேர், சார்" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். இருசப்பனை லோரியில் ஏற்றினார்கள்.

நல்லம்மாள் கிராணியை மறித்தாள்.

"ஐயா, அவரு அவ்வளவு நேரம் சொன்னாரு. நீங்க நாலு வார்த்தையில முடிச்சிட்டீங்க."

"இங்கிலீசு அப்படித்தாம்மா. சுருக்கமாத்தான் சொல்லணும்."

"சாமிக்கு வெச்சதுன்னு சொன்னீங்களா?"

"அதெல்லாம் துரைக்கு வேண்டாத பேச்சுலா. போ, போயி வேலையப் பாரு."

போன வருஷம் ஆடியில் இதே கிராணி அதே மரத்தடியில் குந்தியிருந்து, சேவலின் தொடையைக் கேட்டு வாங்கித் தின்றார். விரலை நக்கிக்கொண்டே, "முனியாண்டி கறின்னா அது தனி ருசிதான்" என்று சொன்னார். இலை போட்டுப் பரிமாறியவள் நல்லம்மாள்தான்.

கிராணி சொன்ன அந்த நாலு வார்த்தையையும் அவள் சிந்தாமல் கொண்டுபோனாள், வாயில் தண்ணீரை நிறைத்துக்கொண்டு நடப்பவளைப்போல. போன இடம் தோட்டத்து ஆஸ்பத்திரி. அங்கே மருந்து கொடுக்கிற நவமணி கிள்ளானில் மிஷன் பள்ளியில் படித்தவள், விதவை. அட்டை கிழிந்த அகராதி ஒன்று வைத்திருந்தாள்.

"அக்கா, 'ஹீ லெஃப்ட் ஃபுட் தேர்'னா என்னா?"

"அவன் அங்க சாப்பாடு வெச்சான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"பொய்யாக்கா அது?"

"பொய் இல்ல நல்லம்மா. அதான் கொடுமை."

பத்து நாளில் காகிதம் வந்தது. நவமணி படித்துச் சொன்னாள். இருசப்பன் தடுப்புக் காவலில் இருக்கிறான். மூன்று மாதம் கழித்துக் கோல சிலாங்கூரில் ஒரு குழு அவனை விசாரிக்கும். குற்றம் செய்தவன் என்று அவர்களுக்குப் பட்டால் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். குடும்பத்தில் ஒருவர் வந்து பேசலாம். இருசப்பன் ஆறு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே இறங்கியவன். அந்த நாட்டில் அவனுக்கு ஒரு வீட்டு வாசல்கூடத் தெரியாது.

"டெலிபரேட்லி கன்சீல்ட்னு போட்டிருக்கான்" என்றாள் நவமணி. "வேணும்னே மறைச்சு எடுத்துட்டுப் போனானாம்."

"தலையில வெச்சுகிட்டுப் போனதா மறைச்சது?" நல்லம்மாளின் குரல் எழும்பவில்லை. "அங்க நாம பேசுறத யாரு இங்கிலீசுல சொல்லுவாங்க?"

"யாராச்சும் ஒரு சுப்பிரமணியம்."

"அப்ப நானே பேசுறேன்."

நவமணி சிரிக்கப் பார்த்தாள். நல்லம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "உனக்கு ஏபிசிடி தெரியுமாடி?"

"பேசுறதுக்கு எழுத்து எதுக்கு? எங்கம்மா கைநாட்டு. லயத்தையே பேச்சில அடக்குனவ."

அன்றிலிருந்து நவமணி மாத்திரை மடிக்கிற தாளில் தினம் ஒரு சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். கீழே அகராதி சொல்லும் பொருள், அதற்கும் கீழே அதை வைத்து ஒரு வாக்கியம். சின்னச் சொற்கள் சீக்கிரம் படிந்தன. பெரிய சொற்களுக்குத்தான் அவளுக்கு வீட்டு ஆதாரம் வேண்டியிருந்தது.

"டெலிபரேட்னா யோசிச்சு, தெரிஞ்சே செய்யிறது" என்று நவமணி சொல்வாள்.

"அப்ப கங்கா வீட்டு ஆடு என் முருங்கையத் தின்னது டெலிபரேட். மழை பெஞ்சு மரத்துல கட்டின மங்குப் பாலுல தண்ணி சேர்ந்தா டெலிபரேட் இல்ல."

"ஆட்ட விடு. கங்கா அவுத்துவிட்டான்னா அவதான் டெலிபரேட்."

"அவுத்துத்தான் விட்டா."

ரெலக்டன்ட் என்றால் மனமில்லாமல் செய்வது. பெரட்டுக்கு எழுந்து போகிற லயத்து ஆட்கள் எல்லாரும் ரெலக்டன்ட். டிவவுட் என்றால் மனதார சாமியை நம்புகிறவர். அந்தச் சொல்லுக்கு அவளுக்கு ஆதாரமே தேவைப்படவில்லை. ஒமிட் என்றால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. அதைக் கேட்டு நல்லம்மாள் தாளை உற்றுப் பார்த்தாள். "இதுக்குன்னே ஒரு வார்த்தை வெச்சிருக்காங்களா?" என்றாள். "அப்ப அவங்க ஊர்லயும் கிராணிங்க இருக்காங்க."

குழாயடியில் பெண்கள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். "வழி விடுங்கடி, துரைசாணி தண்ணி பிடிக்க வராங்க. சோப்பு போட்டுக் குழாயக் கழுவுங்க." நல்லம்மாள் குடத்தை வைத்தாள். "எல்லாரும் ரெலக்டன்ட்டா நிக்காதீங்க, தள்ளுங்க" என்றாள்.

இரண்டாவது மாதம் கேட்டில் கங்கா அவள் தலைத்துணியை அவிழ்த்தாள். மடித்த தாள் விழுந்தது. காட்டுக்குச் செய்தி கொண்டுபோகிறவர்கள் அப்படித்தான் தாளை மடித்து ஒளித்துப் போவார்கள் என்று கங்காவுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் கூவினாள். அன்றைக்குத் தோட்டத்தில் இருந்த போலீஸ் அதிகாரி வரும்வரை நல்லம்மாள் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றாள். தமிழ் எழுத்தைப் படிக்கக் கிராணியைக் கூப்பிட்டார்கள்.

கிராணி விரித்துப் பார்த்தார். கன்சீல்: பிறர் கண்ணில் படாமல் மறைத்தல். அவன் எதையும் கன்சீல் செய்யவில்லை.

அந்த 'அவன்' யார் என்று அவருக்குப் புரிந்தது. அன்றைக்கு அவர் நிறையப் பேசினார். இந்தப் பெண்பிள்ளை இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறாள், வேறொன்றுமில்லை என்று நாலு விதமாகச் சொன்னார். அதிகாரி சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் கிராணி. அதிகாரி தாளைக் கிழித்துப்போட்டு, இனிமேல் எழுதின காகிதம் எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது என்றார்.

சோறுதான் போகக் கூடாது என்றார்கள். இப்போது சொல்லும் போகக் கூடாதாம். நல்லம்மாள் கத்தியை எடுத்துக்கொண்டு ரப்பர் காட்டுக்குப் போனாள். முதல் மரத்தில் வெட்டுப் போட்டபடி, "டெலிபரேட்" என்றாள். இரண்டாவது மரத்தில், "கன்சீல்". அவளுக்கு ஒதுக்கிய நிரையில் முன்னூற்றுச் சொச்சம் மரம். மரங்களைச் சோதனை போட எந்தக் கங்காவாலும் முடியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுச் சொல்லையும் ஆஸ்பத்திரியில் காதால் வாங்கி, மறுநாள் ஒரு மரத்துக்குக் கொடுத்தாள். வெட்டுப் பட்டையில் புற்று வந்த மரம் ரெலக்டன்ட். பாதையோரம் நிமிர்ந்து நின்றது டிவவுட். பால் சொட்டாத மலட்டு மரம் ஒமிட்.

ஒரு நாள் நவமணியிடம் கேட்டாள். "அக்கா, கோவத்துக்கு என்னா?"

"ஆங்க்ரி."

"அது எந்தக் கோவம்?"

"கோவத்துல எத்தனை இருக்கு?"

"அரிசியில கல்லு கிடந்தா வர்றது ஒண்ணு. இது அது இல்ல."

நவமணி அகராதியை வெகுநேரம் புரட்டினாள். கடைசியில் விரலை ஒரு வரியில் வைத்தாள். "இண்டிக்னண்ட். நியாயமில்லாததப் பார்த்து வர்ற கோவம்."

நல்லம்மாள் அதை மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். தன் கோபம் பாவம் என்று அத்தனை நாளும் விளக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். மறுநாள் நிரையின் கடைசியில், முனியாண்டி மரம் தெரிகிற இடத்தில் நின்ற மரத்துக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தாள்.

விசாரணை அன்று கோல சிலாங்கூர்க் கட்டடத்தில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் இருசப்பன், கன்னம் ஒட்டிப்போய். மொழிபெயர்ப்பாளர் எழுந்து நின்றார். நல்லம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு, "நோ இண்டர்பிரிட்டர், ப்ளீஸ்" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டாள். முதல் மரத்திலிருந்து நடந்தாள். என் புருஷன் எதையும் மறைக்கவில்லை. பானையைத் தலையில் வைத்துப் போனார். கேட்டில் இருந்தவர் திறந்துவிட்டார். அவர் டிவவுட். அது மனுஷருக்கு வைத்த சோறு இல்லை, எங்கள் பிள்ளையைக் காப்பாற்றிய சாமிக்கு. இவ்வளவையும் அன்றைக்கே சொன்னார். கிராணி எல்லாவற்றையும் ஒமிட் செய்தார். அந்தக் கிராணி போன வருஷம் அதே இடத்தில் அதே சோற்றைத் தின்றவர்.

நடுவில் இருந்தவர் நீளமாக ஒரு கேள்வி கேட்டார். அதில் ஒரு சொல்லுக்கும் அவளிடம் மரம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். "ஸ்மால் வர்ட்ஸ், சார்" என்றாள்.

அவர் சின்னச் சொற்களில் திரும்பக் கேட்டார். உனக்கு எங்கள்மேல் ஏன் இத்தனை கோபம்?

"நாட் ஆங்க்ரி, சார். ஐ ஆம் இண்டிக்னண்ட்."

அதுவரை எழுதாமல் இருந்த ஓரத்து ஆள் பேனாவை எடுத்தார்.

விசாரணை முடிந்த இருபத்திரண்டாம் நாள் இருசப்பனை விட்டார்கள். உத்தரவைக் கையில் கொடுத்தவர் கிராணி. "விட்டுட்டாங்கம்மா, போ, சந்தோசமாப் போ" என்றார்.

"ஒரு வார்த்தை விடாமப் படிங்க ஐயா."

கிராணி தாளைத் திரும்ப வாங்கினார். ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். அவளுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று இருந்தது, லீனியன்சி. அதைக் காட்டி இவனை விடுகிறோம் என்று எழுதியிருந்தது. "அதுவா, சும்மா, கருணை" என்றார் கிராணி. அவள் அவரை நம்பவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நவமணி அகராதியைப் பார்த்தாள். சொல்லத் தயங்கினாள்.

"ஒமிட் பண்ணாம சொல்லுக்கா."

"தப்பு செஞ்சவனுக்குத் தண்டனையக் குறைச்சுக் காட்டுற இரக்கம்."

"தப்பு செஞ்சவனுக்கு" என்றாள் நல்லம்மாள்.

வீட்டில் இருசப்பன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். "விடு புள்ள, எப்படியோ விட்டாங்களே. முனியாண்டி புண்ணியம்" என்றான். அவள் அவன் தட்டில் இன்னும் ஓர் அகப்பை ஊற்றினாள்.

அதற்குப் பிறகும் பத்தொன்பது வருஷம் அவள் அந்த நிரையில் பால் வெட்டினாள். மரங்களுக்குச் சொற்களைச் சொல்லியபடியேதான் போவாள், புதிது புதிதாகவும் சேர்த்துக்கொண்டாள். லீனியன்சிக்கு மட்டும் அவள் மரம் கொடுக்கவில்லை. உத்தரவு வந்த மறுநாள் காலை நிரையின் கடைசி மரமான இண்டிக்னண்டில் கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. மண்டோர் வந்து காயத்தைப் பார்த்து ஏசினார். அவள் அந்த மரத்தில் கையை வைத்துக்கொண்டு, வாயை இறுக்கியபடி, அவர் பேசி முடிக்கும்வரை நின்றாள்.