மறைக்கச் சொன்னேன், பரப்பி வைத்தாள்

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டிகள் என் டிபன் பையைக் கவிழ்த்தார்கள். செல்போன் இருக்கிறதா என்று தினமும் காலையில் பார்ப்பதுதான். அன்று பையிலிருந்து முப்பது நாற்பது தோல் துண்டுகள் கொட்டின. போன வருடம் ஆடி, இரண்டாம் வெள்ளிக்கிழமை. நான் திருடி என்று பிடிபட்ட நாள்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருடமாகப் பசை தடவும் ஹெல்பர் நான். வீட்டுக்காரர் முதுகில் அடிபட்டுப் படுத்தபின் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. பசை தடவ மெஷின் வரப்போகிறது, தையல் தெரியாத ஹெல்பர்களை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு. தையல் மெஷின்களோ ஆளில்லாமல் சும்மா கிடந்தன. எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். சூப்பர்வைசர் சிரித்துவிட்டார்.

"தெரிஞ்சவங்க வந்தா எடுப்போம். சம்பளமும் குடுத்து, தோலும் குடுத்து கத்துக்குடுக்க கம்பெனிக்கு இன்னா வேண்டுதலா?"

ஷூவின் உள்பக்கம் ஒட்டும் மெல்லிய லைனிங் தோலில் குப்பைக்குப் போகும் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போனேன். பக்கத்து வீட்டுத் தையல் மெஷினில் பழகினேன். துணியென்றால் பிரித்துவிட்டுத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை போகவே போகாது. ஆடி விரதம் தொடங்கியதும் மனசு உறுத்தியது. கெங்கையம்மனுக்கு விளக்கேற்றும் வீட்டில் கேட்காமல் எடுத்த பொருளா? எல்லாவற்றையும் திருப்பிக் குப்பைப் பெட்டியிலேயே போட்டுவிட நினைத்தேன். எடுத்துப்போனபோதெல்லாம் மாட்டாதவள், திருப்பி வைக்க வந்த அன்று மாட்டினேன்.

மேனேஜர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தாயே, என் தப்பு யார் கண்ணிலும் படாமல் மறைத்துவிடு என்று உள்ளுக்குள் கதறினேன். அவரோ ஒவ்வொரு துண்டாக எடுத்து மேஜை முழுக்கப் பரப்பினார். என் கோணல் தையல் அத்தனையும் வெளிச்சத்தில் கிடந்தது. அம்மன் கைவிட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

அவர் துண்டுகளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஓட்டைமேல் ஓட்டை விழுந்தவற்றை ஒரு பக்கம் வைத்தார். தையல் நேராக ஓடியவற்றை மறுபக்கம் வைத்தார்.

"யாரும்மா கத்துக்குடுத்தது?"

"யாரும் இல்ல சார். தப்புத் தப்பா தச்சி நானே கத்துக்கினேன்."

தையல் நேராக ஓடிய துண்டு ஒன்றை மறுபடியும் கையில் எடுத்தார். பிறகு சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, காலியாகக் கிடக்கும் மெஷினில் என்னை உட்கார வைக்கச் சொன்னார். போலீஸைக் கூப்பிடுவார் என்று நின்றவள் நான். கேட்காமல் எடுத்ததற்கு மெமோவும் கொடுத்தார். அது நியாயம்தான்.

அடுத்த மாதமே முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கினார். ஹெல்பர்களுக்குத் தினமும் ஒரு மணி நேரப் பயிற்சி, சம்பளத்தோடு. தோல், நூல், கற்றுக்கொடுப்பவர் கூலி எல்லாம் கம்பெனி செலவு. இதுவரை பதினோரு பேர் மெஷினுக்கு மாறிவிட்டோம். அதே சூப்பர்வைசர்தான் அந்தப் பயிற்சிக்கு வருகைப்பதிவு எடுக்கிறார். என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

அக்கா தங்கைகளே, கஷ்டம் வந்தால் அம்மன் காலைப் பிடித்து அழுங்கள். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் வேண்டியபடியே அந்த ஓட்டைகளை அவள் மறைத்திருந்தால், இன்று நான் வெறும் திருடி.