இரண்டு ராகுகாலங்களுக்கு நடுவே

மலேசியாவில் எங்கள் கிள்ளான் வீட்டில் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது. திங்கட்கிழமைத் தாளில் ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது வரை என்று போட்டிருக்கும். புதுக்கோட்டைப் பக்கம் என் தங்கை வீட்டில் தொங்கும் காலண்டரிலும் அதே ஏழரை முதல் ஒன்பதுதான். ஆனால் அங்கே ஏழரை ஆகும்போது இங்கே மணி பத்து. இங்கே ராகு போய் ஒரு மணி நேரம் கழித்து அங்கே வருகிறார். ஊரிலிருந்து இங்கே வந்த புதிதில் இது எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. ஊர்க் காரியம் என்றால் ஊர் நேரம் பார்ப்பேன், இந்த ஊர்க் காரியம் என்றால் இந்த ஊர் நேரம் பார்ப்பேன். இரண்டு ஊரும் சேர்ந்த காரியம் என்றால் இரண்டு ராகுகாலத்தையும் தள்ளிவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். என் மனைவி வசந்தி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். "இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா உங்களுக்கு நல்ல நேரமே கெடைக்காது போங்க" என்று சிரிப்பாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

என் தங்கை மலர்க்கொடிக்குக் கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லை. நான் பத்துமலையில் பால்குடம் எடுத்தேன். அவள் எங்கள் குலதெய்வம் அய்யனாருக்கு நேர்ந்துகொண்டாள். பெண் பிறந்தது. தர்ஷினி என்று பெயர் வைத்தார்கள். அய்யனார் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இதைப் படிக்கும் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் தாய்மாமன் என்பவன் பிள்ளைக்கு ஒரு மடி. மொட்டை, காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று எல்லாவற்றிலும் அவன் முன்னால் நிற்க வேண்டும். மலருக்குக் கூடப் பிறந்த வேறு அண்ணன் தம்பி கிடையாது. அப்பாவும் இல்லை. நான் ஒருத்தன்தான்.

அந்தப் பிள்ளையை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. முதல் வயதில் போவதாக இருந்தேன். அப்போது என் விசா புதுப்பிக்கப் போயிருந்தது, பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு போகக் கிளம்பியபோது வசந்திக்கு வயிற்றில் ஆபரேஷன். இப்போது பிள்ளைக்கு மூன்று நடக்கிறது. ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவார்கள். விட்டால் ஐந்தில்தான். தங்கையின் மாமியார் இனிமேல் பொறுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "மலேசியாக்காரருக்காகப் பிள்ளை மூளிக் காதோட திரியணுமா?" என்று கேட்டாராம். மலர் அழுதுகொண்டே ஒரு வழி சொன்னாள். "வீடியோவுல வா அண்ணே. போனை மணையில வெச்சு, அதுக்குப் பக்கத்துல பிள்ளைய உக்கார வெக்கிறேன். நீ முன்னால இருந்தாச் சரி. உன் முறை உனக்குத்தான்." நானும் காலண்டரைப் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை. இங்கே ஒன்பதுக்கு ராகு போகிறார், அங்கே இந்த ஊர் மணி பத்துக்கு வருகிறார். நடுவில் அந்த ஒரு மணி நேரம் இரண்டு ஊருக்கும் நல்ல நேரம். அதிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

நான் வசந்தியின் அண்ணன் கடைக்கு வேன் ஓட்டுகிறேன். பூமாலை, வாழையிலை வியாபாரம். அன்றைக்கு லீவு சொல்லியிருந்தேன். விடிகாலையில் குளித்துத் திருநீறு பூசிச் சாமி மாடத்தின் முன்னால் பாயை விரித்தபோது மச்சான் வந்து வாசலில் நின்றார். இன்னொரு டிரைவருக்குக் காய்ச்சல். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணம். மாலையெல்லாம் கட்டிக் கடையில் கிடக்கிறது. "மாப்ள, பொண்ணு மாப்பிள்ளை மாலை அது. நான் என்னா சொல்றது?" என்றார். நான் என்ன சொல்வது? இன்னொரு வீட்டுப் பிள்ளை மணவறையில் மாலையில்லாமல் உட்கார்ந்திருக்க, என் வீட்டுப் பிள்ளைக்கு நான் மடி கொடுத்து என்ன புண்ணியம்? சீக்கிரம் போய் இறக்கிவிட்டு வேனிலேயே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். வசந்தி ஓடிவந்து என் கல்யாணப் பட்டு வேட்டியை மடித்து, வேனில் உட்கார்ந்திருந்த என் மடியில் போட்டாள். "பிள்ளை உக்கார்ற மடி. வேல சிலுவார போட்டுக்கிட்டா இருப்பீங்க?" என்றாள். இந்த ஊரில் கால்சட்டையைச் சிலுவார் என்பார்கள். வேட்டிக்கு மேலே சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

பெட்டாலிங் ஜெயாவுக்கு முன்னாலேயே சாலை நின்றுவிட்டது. எங்கேயோ ஒரு லோரி பழுதாகிக் குறுக்கே நிற்கிறதாம். முன்னாலும் பின்னாலும் வண்டி, ஒதுங்க இடமில்லை. ஒன்பதைத் தாண்டியதும் தங்கை கூப்பிட்டாள். போனை முருகன் படத்துக்குப் பக்கத்தில் அதற்குரிய பிடியில்தான் வைத்திருந்தேன். திரையில் அய்யனார் கோயில் மண் குதிரை தெரிந்தது. அந்தக் குதிரைக்குக் கீழே மட்டும்தான் அங்கே சிக்னல் எடுக்கும். பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிள்ளான் கடைத்தெருவில் நான் வாங்கி ஊர் போனவரிடம் கொடுத்தனுப்பிய தோடு வெற்றிலைத் தட்டில் இருந்தது. நான் பார்க்கப் பார்க்கப் பிள்ளை வீறிட்டு அழுதது. "அண்ணே, வேன் கூரைதான் தெரியுது. மடியக் காட்டு! இந்தா மாமா மடின்னு காட்டினாத்தான் அடங்குவா!" என்று மலர் கத்தினாள். வண்டி நின்றுதானே இருக்கிறது என்று போனைப் பிடியிலிருந்து எடுத்து, மடிக்கு நேரே பிடித்து, "தர்ஷினிக் கண்ணு, மாமா இங்க இருக்கேன்டா, வா வந்து உக்காரு" என்றேன். கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

போக்குவரத்துப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர், இரண்டு மோட்டார் சைக்கிள். மலாய்க்காரர் ஒருவர், வயதானவர், சார்ஜன். இன்னொருவர் நம் தமிழ்ப் பையன். வேனை இடது ஓரம் ஏற்றி நிறுத்தச் சொன்னார்கள். சார்ஜன் லைசென்ஸை வாங்கிக்கொண்டு, "ஓராங் மானா?" என்றார். எந்த ஊர்க்காரன் என்று கேட்கிறார். கிள்ளான் என்றேன். அவர் லைசென்ஸைத் திருப்பி என் முகத்துக்கு நேரே காட்டி, "இந்தியா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தப்பாகச் சொன்ன பிள்ளையைத் திருத்துவது போலத்தான் சொன்னார். ஊருக்குப் போனால் மலேசியாக்காரர், இங்கே இந்தியா. போன் இன்னும் மடியில்தான் கிடந்தது. பிள்ளை அழுவது எல்லாருக்கும் கேட்டது.

"என்னா அண்ணே, ஹேன்போன்ல வீடியோ பாத்துக்கிட்டா ஓட்டுவீங்க?" என்றார் தமிழ்ப் பையன்.

"தங்கச்சி மகளுக்கு ஊர்ல காது குத்துறாங்க தம்பி. நான் தாய்மாமன். மடி காட்டணும்."

"அண்ணே, போலீஸ்காரனுக்கே காது குத்துறீங்களா?" என்று சிரித்தார். குனிந்து உள்ளே பார்த்தவர் என் மடியில் கிடந்த பட்டு வேட்டியைக் கண்டதும் சிரிப்பை விட்டுவிட்டார். "ஐயோ, நெசமாவே சொல்றீங்களா?"

சார்ஜன் அழுகையைக் கேட்டுக்கொண்டே நின்றார். அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கும். முகம் இளகியது. "புடாக் சாக்கிட்? ஹாஸ்பிட்டல்?" என்று கேட்டார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா, ஆஸ்பத்திரியிலா என்கிறார். தமிழ்ப் பையன் என் காதோரம் குனிந்தார். "அண்ணே, சார் நல்ல மனுஷன். 'யா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க லா. ஓரத்துலயே நின்னு பேசுன்னு விட்டுருவாரு. ஒங்க காரியமும் முடியும்."

அந்த ஒரு வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. உண்மையைச் சொல்கிறேன், வந்தது. ஆனால் போன் திறந்திருக்கிறது. அந்தப் பக்கம் குதிரைமேல் அய்யனார் இருக்கிறார். நல்ல காரியம் நடக்கும் நேரத்தில், தவமிருந்து பெற்ற பிள்ளையை, தாய்மாமன் வாயால், நோயாளி என்று சொல்வதா? பொய் என்பதுகூட அப்புறம்தான். பலித்துவிட்டால்? நல்ல நேரத்தில் சொன்ன சொல் தங்கும் என்று என் அப்பா சொல்வார். தலையை ஆட்டினேன். "தா சாக்கிட், துவான். சிஹாட்" என்றேன். நோயில்லை ஐயா, நன்றாக இருக்கிறாள். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று சொன்னதற்குச் சார்ஜனின் முகம் மாறியதைப் பார்த்தேன். தன் இரக்கத்தை நான் ஏளனம் செய்ததாக அவர் நினைத்திருக்க வேண்டும். "தூத்துப்" என்று போனைக் காட்டினார். அணைக்கச் சொல்கிறார். மலர் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அணைத்தேன்.

சம்மன் எழுதினார்கள். வேன் மச்சான் பெயரில் இருந்ததால் கேள்விகள் நீண்டன. கம்பெனியில் விசாரிக்க வேண்டும் என்று யாருக்கோ பேசினார்கள். காது குத்த ஒரு நொடிதான் ஆகும், அதற்குக்கூட அனுமதி கேட்க எனக்கு மலாய் வரவில்லை, எடுத்துச் சொல்லத் தமிழ்ப் பையனும் என் பக்கம் திரும்பவில்லை. வேனிலிருந்த கடிகாரம் பத்தைத் தாண்டியது. அங்கே ராகு வந்துவிட்டார். தமிழ்ப் பையன் தாளை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு வார்த்தைதானே அண்ணே கேட்டேன்" என்றார். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை.

பிரிக்பீல்ட்ஸ் மண்டப வாசலில் பட்டுப் பாவாடை கட்டிய பெண்ணொருத்தி, "அங்கிள், ஐயர் மாலைக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காரு லா!" என்று கத்திக்கொண்டே வந்து கூடையை வாங்கி ஓடினாள். நான் வாழையிலைக் கட்டுகளை இறக்கி முடிப்பதற்குள் உள்ளே கெட்டிமேளம் கேட்டது. அவர்களுக்கு நல்ல நேரம் தப்பவில்லை. வாசலில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டேன். முகம் தெரியாத பிள்ளைகள், நன்றாக இருக்கட்டும்.

வேனில் ஏறி உட்கார்ந்து தங்கையைக் கூப்பிட்டேன். அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ராகுகாலம் வந்துரும்னு அத்தை சத்தம் போட்டாங்க அண்ணே. நம்ம கதிரேசன்தான் வேன் ஓட்டி வந்தான். பெரியப்பா வழியில அவனும் மாமன் முறை ஆகுதுல்ல? அவன உக்கார வெச்சாச்சு. நீ மனசுல வெச்சுக்காத" என்றாள். கதிரேசன் சின்ன வயதில் என் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தவன். நல்ல பையன்தான். அங்கேயும் ஒரு வேன் டிரைவர். பிள்ளையைக் காட்டச் சொன்னேன். காதில் என் தோடு மின்னியது. அழுது சிவந்த முகத்தில் இப்போது சிரிப்பு. மலர் அவள் கையில் போனைக் கொடுத்து, "மாமா பாரு, மாமாகிட்ட பேசு" என்றாள். பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை. மாமா என்ற சொல் காதில் விழுந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். திரையில் மண்ணும் கால்களும் ஆடின. "மாமா, இந்தா" என்று கதிரேசன் மடியில் போனைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவன் மடியில் மல்லாந்து கிடந்தபடி மண் குதிரையின் வயிற்றையும் அதற்குமேல் எங்கள் ஊர் வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே என் மடியில் பட்டு வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது.